பறை: கருவியும் சொல்லும் அளவையும் – குமரி மாவட்ட வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

'பறை' என்னும் சொல் இன்று பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட தோற்கருவியையும் அதனை இசைக்கும் சமூகத்தையும் நினைவூட்டுகிறது. பழந்தமிழில் அது தோற்கருவிகள் அனைத்துக்கும் உரிய பொதுப்பெயர். அதே வடிவம் 'சொல்லுதல்' என்னும் வினையாகவும் நெல் அளக்கும் முகத்தலளவையாகவும் வழங்கியது. இம்மூன்று பொருள்களும் அருகருகே உயிர்வாழும் தமிழ்ப் பகுதிகளுள் ஒன்று கன்னியாகுமரி மாவட்டம். இம்மாவட்ட வழக்கை இலக்கிய, உரை, கல்வெட்டுச் சான்றுகளோடு ஒப்பிட்டு, இச்சொல்லின் பொருள் சுருங்கிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. குமரித் தமிழின் 'பறைதல்' மலையாளக் கடன் என்னும் கருத்து மறு ஆய்வுக்கு உரியது என்பதும், சொல்லின்மேல் ஏறிய இழிவு அதன் வேர்ப்பொருளில் இல்லை என்பதும் கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: பறை, பறைதல், நிறபறை, தோற்கருவி, நாஞ்சில் நாடு, சொற்பொருள் மாற்றம்.

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாக இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்று தனி மாவட்டமாயின. இவற்றுள் கிழக்கிலுள்ள தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் வரலாற்று நாஞ்சில் நாடு. மேற்கிலுள்ள கல்குளமும் விளவங்கோடும் வேணாட்டு மரபோடு நெருங்கியவை. இந்தக் கிழக்கு, மேற்கு வேறுபாடு பேச்சு, அளவை, சடங்கு, இசைக்கருவி ஆகிய நான்கிலும் புலப்படுகிறது. 'பறை' என்னும் சொல் இந்த நான்கையும் தொட்டுச் செல்வதால், அதன் வரலாற்றை ஆராய இம்மாவட்டம் ஏற்ற களமாகிறது.

பறை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கருவியின் அமைப்பையும் அடவுகளையும் அதனை இசைக்கும் மக்களின் சமூக நிலையையும் பேசுகின்றன. சொல்லின் வினை வடிவமும் அளவைப் பொருளும் அகராதிப் பதிவுகளாக மட்டும் நின்றுவிடுகின்றன. இவற்றை இணைத்து நோக்கும்போது கருவிப்பெயரின் வரலாறும் தெளிவடைகிறது.

ஆராயுமுன் ஓரெழுத்துத் தொடரிலேயே அமைந்த வேறு சொற்களை விலக்க வேண்டும். சங்கப் பாடல்களில் பறவைகளின் பறத்தலைக் குறிக்கும் 'பறை', பற என்னும் வினையிலிருந்து வந்த தனிச்சொல். தேய்தல், அழிதல் என்னும் பொருளுடைய 'பறைதல்' இன்னொரு சொல். தேவாரத்தில் வினையும் பாவமும் நீங்குதலைக் குறிக்க இது வருகிறது. நாகர்கோவிலை அடுத்த பறக்கை என்னும் ஊரின் பெயரையும் கருவியோடு இணைக்கலாகாது. மதுசூதனப் பெருமாள் கோயிலையுடைய அவ்வூர்ப்பெயரைப் 'பறவைக்கரசனூர்' என்பதன் மரூஉவாகத் தலமரபு கொள்கிறது. 'பட்சிராஜபுரம்' என்னும் வடமொழி ஆக்கமும் அதனையே ஒட்டியது. ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு சொற்களை இணைப்பதன் இடரை இவ்வெடுத்துக்காட்டு உணர்த்தும்.

பொதுப்பெயராகப் பறை

தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களைத் தொகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் ஒரு வகையாக வைக்கிறது. யாழ் தனியே எண்ணப்படுவதால் பறை என்பது இங்கே தோற்கருவி வகையின் பெயர் என்பது தெளிவு. பிற்கால இலக்கண மரபு இந்த வகைக்குள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறையையும், முல்லைக்கு ஏறுகோட்பறையையும், மருதத்துக்கு மணமுழவு, நெல்லரிகிணை ஆகியவற்றையும், நெய்தலுக்கு மீன்கோட்பறை, நாவாய்ப்பம்பை ஆகியவற்றையும், பாலைக்குச் சூறைகோட்பறையையும் காட்டுகிறது. மருதத்தின் முழவும் கிணையும் பெயரளவில் பறை அல்ல. ஆயினும் அவை பறை என்னும் வகைக்குள்ளேயே அடங்குகின்றன. எனவே பறை முழவுக்கும் கிணைக்கும் பம்பைக்கும் மேற்பட்ட பொதுப்பெயராக நின்றது எனலாம்.

சடங்கு நிலையிலும் இச்சொல் நடுநிலையானது. நாலடியாரின் யாக்கை நிலையாமை அதிகாரத்தில் 'மணப்பறை', 'பிணப்பறை' என்னும் இரு தொடர்களும் ஒரே பாடலில் இடம்பெறுகின்றன. திருமண வீட்டின் பறையே சாவுக்கு உரியதாகிவிடும் நிலையாமையை அப்பாடல் பேசுகிறது. கருவி மாறாமல் சூழல் மாறுவதே அதன் பொருளாழம். பறை என்பது இறப்புக்கு மட்டுமே உரிய சொல்லாக இருந்திருந்தால் அந்தப் பாடலின் கருத்தே நிலைபெறாது. திருக்குறள் 1115ஆம் பாடலில் 'நல்ல' என்னும் அடையோடு பறை வருவதும் இதனோடு ஒத்தது. நன்மையும் தீமையும் அடைமொழியாலேயே உணர்த்தப்படுகின்றன. பறை என்னும் பெயர் இரண்டுக்கும் பொதுவானது. புறநானூறு 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் சாவு வீட்டின் ஒலியையும் மண வீட்டின் ஒலியையும் எதிரெதிரே நிறுத்தும்போது முன்னதை நெய்தல் என்றும் பின்னதை முழவு என்றும் வேறுபடுத்துகிறார். சாவுக்குரிய ஒலிக்குத் தனிப்பெயர் இருந்தது. அது பறை என்னும் பொதுப்பெயர் அன்று.

ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களுள் ஒன்று சிறுபறை. கடவுளரும் அரசரும் குழந்தையாகிச் சிறுபறை முழக்குவதாகப் பாடும் மரபு, இடைக்காலத்தின் பிற்பகுதியிலும் இலக்கிய வழக்கில் இச்சொல் இழிவேதும் இன்றி நின்றதைக் காட்டுகிறது. ஆண்டாளின் திருப்பாவையில் பறை, நோன்பின் கருவியாகவும் வேண்டிப் பெறும் பேறாகவும் வருகிறது. வைணவ உரையாசிரியர்கள் அதற்குக் கைங்கரியம் என்றே பொருள் விரித்தனர்.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் தோற்கருவிகளை நீண்ட பட்டியலாகத் தருகிறார். பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம், திமிலை, குடமுழா எனத் தொடரும் அப்பட்டியலில் கணப்பறை, சிறுபறை, நாழிகைப்பறை, பெரும்பறை ஆகியவையும் உள்ளன. கருவிகளை வகைப்படுத்தும்போது அவர் ஆளும் தலைப்புச் சொற்கள் அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு போன்றவை. அதாவது தொல்காப்பியத்தில் பறை வகித்த பொதுப்பெயர் இடத்தை இங்கே முழவு பெற்றுள்ளது. பறையோ சில கருவிப் பெயர்களின் ஈற்றுறுப்பாக நிற்கிறது. பொதுப்பெயர் சிறப்புப்பெயராகச் சுருங்கும் போக்கின் ஒரு கட்டம் இது.

பறைதலும் அறைதலும்

கருவிப்பெயருக்கும் 'சொல்லுதல்' என்னும் பொருளுக்கும் உள்ள தொடர்பு தற்செயலானதா? தமிழ்ப் பேரகராதி பறை என்பதற்குத் தோற்கருவியோடு சொல், முகத்தலளவை ஆகிய பொருள்களையும், பறைதல் என்னும் வினைக்குச் சொல்லுதல் என்னும் பொருளையும் தருகிறது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, சொல்லுதலைக் குறிக்கும் தமிழ், மலையாள வினைகளையும் தோற்கருவிப் பெயரையும் ஒரே பதிவில் சேர்க்கிறது.

இந்த இணைப்புக்குத் தமிழ்ச் சொற்களஞ்சியத்திலேயே ஓர் ஒப்புமை உண்டு. 'அறைதல்' என்பதற்கு அடித்தல் என்றும் சொல்லுதல் என்றும் இரு பொருள்கள். முரசறைதல் என்பது முரசை அடிப்பதும் அதன்வழிச் செய்தியைச் சொல்வதும் ஆகும். எழுத்தறிவு பரவலாக இல்லாத சமூகத்தில் அரசாணையும் விழாவும் போரும் தோற்கருவி வழியே ஊரை எட்டின. மணிமேகலையின் விழாவறை காதையில் இந்திர விழாவைப் புகார் நகருக்கு அறிவிப்பது முரசு. திருவள்ளுவர் மறைபொருளைத் தாங்கித் திரிந்து பிறர்க்கு வெளிப்படுத்தும் கயவரையும் (1076), உள்ளத்துக் காமத்தை மறைக்க இயலாத கண்களையும் (1180) அறையப்படும் பறைக்கு ஒப்பிடுகிறார். ஒப்புமையின் அடிப்படை இரண்டிடத்தும் ஒலி அன்று. மறைந்ததைப் பலரறியச் சொல்லும் தன்மையே.

எனவே பறை என்பதைச் 'சொல்லும் கருவி' எனக் கொள்வது பண்பாட்டு நிலையில் பொருந்துகிறது. கருவிப்பெயரிலிருந்து வினை பிறந்ததா, வினையிலிருந்து கருவிப்பெயர் பிறந்ததா என்பது வேறு வினா. பழைய இலக்கியத்தில் பெயர்வடிவம் மிகுதியாகவும் சொல்லுதற்பொருள் வினை அருகியும் காணப்படுவது உண்மை. ஆனால் வினை இருவேறு விளிம்புகளில் அன்றாடப் பேச்சாக இன்றும் வாழ்வதால், இலக்கிய அருகலை மட்டும் கொண்டு அதனைப் பிற்காலத்தது எனத் தள்ள இயலாது.

குமரித் தமிழில் பறைதல்

மேற்குக் குமரியின் பேச்சுத் தமிழில் 'பறைதல்' இயல்பான வினை. 'பறஞ்சான்', 'பறஞ்சாள்', 'பறையாதே' என்னும் வடிவங்கள் சாதி, சமய வேறுபாடின்றி வழங்குகின்றன. கிழக்கே செல்லச் செல்லச் சொல், பேசு ஆகியவை அதன் இடத்தைப் பெறுகின்றன. இந்தப் பரவல் கேரள எல்லையை ஒட்டி அமைவதால் 'பறைதல்' மலையாளக் கடன் எனக் கொள்வது எளிது. திருவிதாங்கூர் ஆட்சியும் பள்ளிகளில் மலையாளத்தின் செல்வாக்கும் அக்கருத்துக்கு வலுச் சேர்க்கின்றன. எனினும் மூன்று சான்றுகள் அதனை ஐயுறச் செய்கின்றன.

முதலாவது, யாழ்ப்பாணத் தமிழ். அங்கும் பறைதல் பேசுதலைக் குறிக்கும் பேச்சு வழக்காக உள்ளது. யாழ்ப்பாணத்துக்கும் மலையாள நாட்டுக்கும் பழைய குடியேற்றத் தொடர்புகள் பேசப்படுவதால் இச்சான்று முற்றிலும் தனித்து நிற்பதன்று. ஆனால் மலையாளம் ஆட்சிமொழியாகவோ கல்விமொழியாகவோ இல்லாத ஒரு நிலப்பகுதியின் அடிப்படை வினையொன்றைக் கடன் என்று கொள்ள வேறு சான்று தேவை. நடுப்பகுதியில் வழக்கொழிந்த சொற்கள் விளிம்புகளில் எஞ்சுவது மொழிவரலாற்றில் பரவலாகக் காணப்படுவது.

இரண்டாவது, ஒலியமைப்பு. மலையாளத்தில் இவ்வினையின் இறந்தகாலம் 'பறஞ்ஞு' என மெல்லெழுத்து இரட்டித்து வரும். அறிந்து என்பது அங்கே 'அறிஞ்ஞு' ஆவது போன்றது இது. குமரித் தமிழில் அது 'பறஞ்சு'. பறைந்து என்னும் வடிவம், அறிந்து 'அறிஞ்சு' ஆவதைப் போலவே, தமிழ்ப் பேச்சின் விதிப்படி மாறியுள்ளது. யாழ்ப்பாணத்துப் 'பறைஞ்சு' என்பதும் இவ்வகையே.

மூன்றாவது, விகுதி. மலையாள வினைமுற்று திணை, பால், எண் விகுதிகளை இழந்துவிட்டது. குமரி வழக்கிலோ பறஞ்சான், பறஞ்சாள், பறஞ்சார் என அவை முழுமையாக உள்ளன. கடன்சொல்லும் ஏற்கும் மொழியின் விகுதியைப் பெறக்கூடும் என்பதால் இரண்டாம், மூன்றாம் சான்றுகள் தனித்தனியே முடிவுக்குப் போதியன அல்ல. முதற்சான்றோடும் கருவிப்பெயரின் பழைமையோடும் சேர்த்து நோக்கும்போது, தமிழும் மலையாளமும் பொதுவாகப் பெற்ற ஒரு வினையைக் குமரித் தமிழ் காத்துவந்தது என்றும், மலையாள அண்மை அதனை வழக்கொழியாமல் தாங்கியது என்றும் கொள்வதே பொருத்தமாகிறது. வட்டார வழக்கு அகராதிகள் இச்சொல்லுக்கு எதிரே 'மலையாளம்' என்று மட்டும் குறிப்பது இந்த வரலாற்றை மறைத்துவிடும்.

அளவைப் பறை

திருவிதாங்கூர் வழக்கில் 10 இடங்கழி கொண்டது ஒரு பறை. இது நெல் அளக்கும் உருளை வடிவக் கலத்தின் பெயராகவும் அதன் கொள்ளளவின் பெயராகவும் வழங்கியது. நிலத்தின் பரப்பையும் விதைக்கும் நெல்லின் அளவால் பறைக் கணக்கில் சொல்வதுண்டு. நாஞ்சில் நாட்டுக்கு நெல்லைச் சீமையோடு பொதுவான அளவை மரக்கால், கோட்டை என்பன. 21 மரக்கால் ஒரு கோட்டை. 'இத்தனை மரக்கால் விதைப்பாடு' என்றே வயல் சொல்லப்படும். ஆக, ஒரே மாவட்டத்துக்குள் இருவேறு அளவை மரபுகள் சந்திக்கின்றன. இலங்கையிலும் பிரித்தானியர் காலம்வரை பறை என்னும் முகத்தலளவை நெல், உப்பு, காப்பி ஆகியவற்றுக்கு வழங்கியது. வினை வழங்கும் இரு விளிம்புகளிலும் அளவையும் வழங்கியிருப்பது கருதத்தக்கது.

கருவிக்கும் அளவைக்கும் உள்ள தொடர்பு, குடைந்த உருளை வடிவத்தின் ஒப்புமையால் ஏற்பட்டிருக்கலாம். உள்ளே வெற்றிடம் உடைய மரக்கலம், தோல் போர்த்தால் கருவியாகவும் போர்த்தாவிடில் முகவையாகவும் பயன்படும். இது கருதுகோளே, வினைக்கும் கருவிக்கும் உள்ள பொருள் தொடர்பு அளவுக்கு இது உறுதிபெறவில்லை.

சமூக வரலாற்று நோக்கில் அளவைப் பறை தரும் சான்று முதன்மையானது. மலையாள நாட்டிலும் அதனையொட்டிய பகுதிகளிலும் திருமணத்திலும் கோயில் விழாவிலும் 'நிறபறை' வைப்பது மங்கல மரபு. குத்துவிளக்கின் முன் நெல் குவித்த பறையும் அதன்மேல் தென்னம்பூக்குலையும் வளத்தின் குறியீடுகள். கோயில் திருமேனி ஊர்வலமாக வரும்போது வீட்டு முற்றத்தில் பறை நிறைத்து நெல் வழங்குவதும் வழிபாடே. இவ்வாறு பறை என்னும் பெயருடைய கலம் கருவறைக்கு எதிரே வைக்கப்பட்ட அதே காலத்தில், பறை என்னும் பெயருடைய கருவியும் அதனை முழக்கியோரும் கோயில் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். சுசீந்திரம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாக்கிரகம் நிகழ வேண்டியிருந்தது. திருவிதாங்கூரின் கோயில் நுழைவு அறிவிப்பு 1936 நவம்பர் 12இல்தான் வந்தது. சொல் ஒன்றே, அதனைக் கையாண்டோர் நிலையே வேறு.

பெயர் சுருங்கிய வரலாறு

மாங்குடி கிழார் பாடிய புறநானூறு 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரைச் சிறந்த குடிகளாக எண்ணுகிறது. துடியனும் பாணனும் இசையால் பெயர் பெற்றது போலவே பறையனும் பெயர் பெற்றான் என்பது அவ்வரிசையால் விளங்கும். இச்சாதிப்பெயரின் பிறப்பை ஆராய்ந்த ஐரோப்பியருக்கு இச்சான்று கிடைக்கவில்லை. கால்டுவெல் அதனைப் பறை என்னும் கருவியோடு இணைத்தார்; ஓப்பெர்ட் 1893இல் வெளியிட்ட நூலில் மலைவாழ்நரைக் குறிக்கும் 'பஹாரியா' என்னும் வடநாட்டுச் சொல்லோடு இணைத்தார். உ.வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு வெளிவந்தது 1894இல். அப்பதிப்புக்குப்பின் ஓப்பெர்ட்டின் கருத்துக்கு இடமில்லை.

முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊர்களின் இறையிலி நிலங்களைச் சொல்லுமிடத்துப் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. பறை இங்கே குடியிருப்பின் பெயராகிவிட்டது. ஊரின் நடுவிலிருந்து பிரித்துச் சொல்லப்படும் இடமாகவும் ஆகிவிட்டது. ஆயினும் பறைச்சேரி, தீண்டாச்சேரி என இரண்டும் வெவ்வேறாக எண்ணப்படுவது, பறையையும் தீண்டாமையையும் ஒன்றாகக் காணும் பிற்கால நோக்கு அந்நாளில் முழுமை பெறவில்லை என எண்ண இடம் தருகிறது. ஐரோப்பியர் வருகைக்குப்பின் இச்சாதிப்பெயர் ஆங்கிலத்தில் 'பரியா' என நுழைந்து, 'ஒதுக்கப்பட்டவர்' என்னும் பொருளில் உலக மொழிகளில் பரவியது. பலரறியச் சொல்லும் கருவியின் பெயர், பலரால் விலக்கப்பட்டவரைச் சுட்டும் சொல்லாக முடிந்தது.

குமரி மாவட்டத்தில் இச்சமூகத்தார் சாம்பவர் என்னும் பெயரைப் பெரிதும் ஆள்கின்றனர். அரசின் பட்டியல் சாதிகள் அட்டவணையில் பறையன், பறயன், சாம்பவர் என மூன்றும் ஒரே பதிவில் நிற்கின்றன. தமிழ் வடிவமும் மலையாள வடிவமும் மாற்றுப்பெயரும் ஒருங்கே இடம்பெறும் அப்பதிவு இச்சொல்லின் சமூக வரலாற்றுக்கு ஓர் ஆவணம்.

குமரியின் தோற்கருவிப் பெயர்கள்

பறை என்னும் பொதுப்பெயர் பின்வாங்கியதால் இம்மாவட்டத்தில் ஒவ்வொரு கருவியும் தன் தனிப்பெயரால் அறியப்படுகிறது. வில்லுப்பாட்டில் உடுக்கையும் குடமும், கணியான் ஆட்டத்தில் மகுடம், நாகசுரத்தோடு தவில், மேற்குப் பகுதிக் கோயில்களிலும் ஊர்வலங்களிலும் செண்டை. பொதுவாகச் சுட்ட 'கொட்டு', 'மேளம்' என்னும் சொற்கள் உள்ளன. இவற்றுள் மகுடம் தனிக் கவனத்துக்குரியது. சுடலைமாடன் முதலிய தெய்வங்களின் கொடைவிழாவில் கணியான் குழுவினர் இசைக்கும் இரு மகுடங்கள், ஒலியின் தன்மையால் உச்சம், மந்தம் எனப்படும். வட்ட மரச்சட்டத்தில் ஒருபுறம் தோல் போர்த்திய அமைப்பால் அது இன்றைய பறைக்கு நெருங்கிய இனம். ஆயினும் அதனைப் பறை என எவரும் வழங்குவதில்லை. அமைப்பு ஒத்திருந்தும் பெயர் வேறுபடுவதற்குக் காரணம் கருவியில் இல்லை. அதனை இசைக்கும் குடியிலும் அது ஒலிக்கும் சடங்கிலும் உள்ளது. தொல்காப்பியர் காலத்துப் பொதுப்பெயர் நிலைத்திருந்தால் மகுடமும் ஒரு பறையே.

அண்மைக் காலத்தில் தமிழகம் முழுவதும் தப்பு, தப்பட்டை என்னும் பெயர்களைத் தவிர்த்துப் பறை என்னும் பெயரை உரிமையோடு மீட்கும் போக்கு வலுப்பெற்றுள்ளது. மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, பறை என்னும் பெயர் அரசின் மதிப்புப் பட்டியலிலும் இடம்பெற்றது. இந்த மீட்பு புதிய மதிப்பைப் பழைய சொல்லின்மேல் ஏற்றுவதன்று. சொல்லுக்கு முன்பிருந்த மதிப்பை மீளக் கொணர்வதே என்பதை மேற்கண்ட சான்றுகள் காட்டும்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

1. பறை பழந்தமிழில் தோற்கருவிகளின் பொதுப்பெயர். மணம், சாவு, போர், தொழில் ஆகிய அனைத்துச் சூழலுக்கும் அது உரியது. அடியார்க்குநல்லார் உரைக் காலத்தில் பொதுப்பெயர் நிலையை முழவு பெற்றது.

2. பறைக்கும் சொல்லுதலுக்கும் உள்ள தொடர்பு, அறைதல் என்னும் வினையின் இருபொருள் அமைப்பாலும் திருக்குறள் உவமைகளாலும் வலுப்பெறுகிறது.

3. குமரித் தமிழின் பறைதல் மலையாளக் கடன் என்பதினும், இரு மொழிகளுக்கும் பொதுவான பழைய வினையின் எச்சம் என்பதே யாழ்ப்பாண வழக்கோடும் ஒலி, விகுதி அமைப்புகளோடும் பொருந்துகிறது.

4. கருவிக்கும் அளவைக்கும் வடிவ ஒப்புமை காரணமாகலாம் என்பது கருதுகோளாகவே முன்வைக்கப்படுகிறது.

5. ஒரே சொல் வினையாக அனைவர் நாவிலும், அளவையாக மங்கல விளக்கின் முன்னும், கருவிப்பெயராக விலக்கப்பட்ட இடத்திலும் ஒரே நிலப்பகுதியில் வழங்கியது. இழிவு சொல்லின் பொருளில் இருந்திருந்தால் வினையும் அளவையும் அதிலிருந்து தப்பியிரா. அது சாதிய அமைப்பால் கருவிப்பெயரின்மேல் மட்டும் ஏற்றப்பட்டது.

மாவட்டத்தின் பேச்சு வழக்கை ஊர்தோறும் பதிவுசெய்து, பறைதல் வழங்கும் எல்லையையும் பறை அளவை வழங்கிய எல்லையையும் ஒரே நிலப்படத்தில் குறித்து ஒப்பிடுவது அடுத்து நிகழ வேண்டிய ஆய்வு. நெற்கலத்தால் அளந்த தலைமுறை அருகிவரும் நிலையில் அப்பதிவுக்கு எஞ்சியுள்ள காலம் குறைவு.